தண்ணீர் ஊற்றிய சோறு

மகாராஜா என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா? செல்வமாரியின் புருஷன் ஆண்டது ஒரு பழைய லோடு ஆட்டோவைத்தான். அதுவும் பாதி நாள் அவன் பேச்சைக் கேட்காது. வாய் மட்டும் ராஜ வாய். நான்கு பேர் கூடி நிற்கும் இடத்தைக் கண்டால் போதும், அங்கே போய் ஒரு சொல்லைப் போட்டு, அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் இடத்தைக் காலி செய்வான். சிரிப்பு வருமென்றால் யாரையும் விட்டுவைக்க மாட்டான். ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சொந்தப் பெண்டாட்டியையும் விட்டுவைக்கவில்லை.

அவர்கள் குடியிருந்தது கோவில்பட்டியின் மேற்கு ஓரத்தில், ஒரே வாசலுக்குள் ஐந்து வீடுகள் இருக்கும் வளவு ஒன்றில். வாசலை விட்டு இறங்கினால் கூப்பிடு தூரத்தில் தெருமுனை. அங்கே தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூவனலிங்கம் அண்ணாச்சி தன் ஃப்ரைடு ரைஸ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். சனி, ஞாயிறு என்றால் கூட்டம் நெரியும். பிள்ளைகளுக்கு ஒரு பார்சல் வாங்க மகாராஜாவும் போய் நின்றிருந்தான்.

“என்ன மகாராஜா, வாராவாரம் இங்கன வந்து நிக்குத? வீட்டுல அடுப்பு எரியலியோ?” என்று அண்ணாச்சி கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதுதான்.

“எரியாம என்ன அண்ணாச்சி, நல்லாத்தான் எரியுது. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிய மருந்துல முக்குத கை பாத்துக்கிடுங்க. வீட்டுக்கு வந்து சோத்தயும் அப்படியே முக்கி எடுத்து வச்சிருதா. தின்னா நாக்கு செத்துப் போகும். பிள்ளையளக் காப்பாத்தணும்லா, அதான் ஒங்ககிட்ட ஓடி வாரேன்.”

ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். வேலை விட்டு வந்துகொண்டிருந்த செல்வமாரி, தூக்குவாளியும் கையுமாகக் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. யார் யாரோ சிரித்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நின்ற சந்தனமாரியும் சிரித்தாள். ஊர்ப் பேச்சில் ஆபீஸ் என்கிற அதே தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து, மத்தியானம் ஒன்றாகத் தூக்குவாளியைத் திறக்கிறவள். அது சுருக்கென்று தைத்தது.

காலை நாலரைக்கு எழுந்து, சோறு வடித்து, குழம்பு வைத்து, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தலை பின்னிவிட்டு, எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் நிற்கிறவள் அவள். குழம்பில் ஒரு நாள் புளி கூடும், ஒரு நாள் உப்பு குறையும். மனுஷி கைதானே. அதை வீட்டில் சொன்னால் திருத்திக்கொள்வாள், இல்லையென்றால் திருப்பி நாலு வார்த்தை சொல்வாள். அதற்குத்தானே வீடு? தெருமுனையில் வைத்து ஊருக்குப் பரிமாற அவள் என்ன ஊறுகாயா?

அன்றைக்கு மூடிய வாயை அவள் அவனிடம் மறுபடி திறக்கவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை. எதற்குக் கோபம் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் இரண்டு நாள் சீண்டிப் பார்த்தான், மூன்றாம் நாள் வளவில் யார் மூலமாகவோ விஷயம் அவன் காதுக்கு வந்துவிட்டது. உடனே வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஊரைச் சிரிக்கவைக்கத் தெரிந்த வாய்க்கு அது மட்டும் வரவில்லை. ‘இவ பேசாட்டா நானும் பேசல’ என்று அவனும் முறுக்கிக்கொண்டான்.

வீட்டில் எல்லாப் பேச்சும் பதினோரு வயது மூத்த மகள் பூங்கொடி வழியாகத்தான் போய்வந்தது. “ஒங்கப்பாட்ட கேஸ் தீரப் போகுதுன்னு சொல்லு.” “ஒங்கம்மாட்ட நாளைக்கு வெளியூர் லோடுன்னு சொல்லு.” மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். பூங்கொடி சில நாள் சொல்வாள், சில நாள் “அதான் கேட்டுதுல்லா” என்று புத்தகத்தைப் பிடித்துக்கொள்வாள்.

அவனுக்காகச் செய்துவந்த சின்னச் சின்ன வேலைகளைச் செல்வமாரி ஒவ்வொன்றாக நிறுத்தினாள். தட்டில் போட்டுக் கொடுப்பதில்லை. சட்டையைத் தோய்ப்பதில்லை. மிஞ்சிய சோற்றில் படுக்கப்போகும் முன் தண்ணீர் ஊற்றி வைப்பதையும் நிறுத்தினாள். விடிந்ததும் பழையது குடித்துவிட்டு வண்டியை எடுப்பது அவன் வழக்கம். அவளும் அதைத்தான் குடித்துவிட்டு ஆபீசுக்குப் போவாள். தன் வயிற்றுக்கும் சேர்த்துத்தான் கேடு என்று தெரிந்தும் கோபத்தில் விட்டுவிட்டாள். ஆனால் மறுநாள் காலையில் சட்டியைத் திறந்தால் சோறு தண்ணீருக்குள் கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. பூங்கொடிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்கவுமில்லை.

கோபம் தானாக வடிந்திருக்கும். ஆனால் அவன் சொன்ன சொல் தெருமுனையோடு நிற்கவில்லை. ஆபீசில் மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தால், “இன்னைக்கு மருந்துல முக்குனதா, முக்காததா?” என்று கேட்டார்கள். பிறகு அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. தீப்பெட்டிச் சோறு. வளவுப் பிள்ளைகள் விளையாட்டில் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இளைய மகள், ஐந்து வயதுச் சுகுணா, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “எனக்குத் தீப்பெட்டிச் சோறு வேண்டாம், ஃப்ரைடு ரைஸ்தான் வேணும்” என்றாள்.

செல்வமாரி கரண்டியைக் கீழே வைத்தாள். பெற்ற பிள்ளை வாயிலேயே வந்துவிட்டது. இனி இவள் பெரியவளாகி, இன்னொரு வீட்டில் போய் உட்கார்ந்து, எங்கம்மா சமையல் இப்படித்தான் என்று சொல்லிச் சிரிப்பாள். அது வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

சித்தி மகள் செல்வலட்சுமி அக்கா புதியம்புத்தூரில் இருக்கிறாள். அங்கே ரெடிமேட் துணி தைக்கும் யூனிட் ஒன்றில் தையல்காரி. “ஒரு மெஷின் காலியா கெடக்கு, ரூமும் பாத்துத் தாரேன், பிள்ளையள அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துக்கிடலாம்” என்று இரண்டு வாரமாகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். செல்வமாரி மனசுக்குள் ஒரு கெடு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஃப்ரைடு ரைஸ் செய்வது. எல்லோரும் உட்கார்ந்து தின்னட்டும். அந்தப் பெயரை வைத்த வாய், நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்லவில்லையென்றால் திங்கட்கிழமை ஏழு மணி பஸ். வேலை, ரூம் எல்லாம் தயாராக இருக்க, சொல்லுக்குச் சொல் செத்துக்கொண்டு இங்கே என்ன இருப்பு?

சனிக்கிழமை வேலை விட்டு வரும்போதே மார்க்கெட்டுக்குப் போனாள். அரை முட்டைக்கோஸ், இரண்டு கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ், ஒரு கட்டு வெங்காயத்தாள், நாலு முட்டை, சின்னப் பாக்கெட்டில் சோயா சாஸ். கடையில் ஒருவர் தின்கிற செலவில் வீட்டில் நாலு பேர் வயிறாரலாம். அரிசிக்கு எங்கும் போக வேண்டாம், ரேஷன் அரிசிதான். ஆனால் அதில்தான் வம்பும் இருந்தது. தடித்த அரிசி. சுடச்சுடப் போட்டுக் கிளறினால் கூழாகிவிடும்.

பூங்கொடி அம்மாவின் போனில் வீடியோ பார்த்துச் சொன்னாள். “நேத்து வச்ச சோறுதான் நல்லதாம்மா. ஆறி, காஞ்சு இருக்கணுமாம். அப்பதான் உதிரி உதிரியா வருமாம்.”

நேற்றுச் சோறு அந்த வீட்டில் என்றைக்கும் உண்டு. ஆனால் நேற்றுச் சோறு என்றால் அந்தப் பக்கத்தில் அது தண்ணீருக்குள் கிடக்கும். காய்ந்த நேற்றுச் சோற்றை யார் கண்டார்கள்? செல்வமாரி சாயங்காலமே தனியாக அரிசியைப் போட்டு, முக்கால் வேக்காட்டில் வடித்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டாள். ஆறியதும் சட்டியில் அள்ளித் தட்டைப் போட்டு மூடினாள். பூங்கொடியைக் கூப்பிட்டு, “இந்தச் சட்டியத் தொடாத, என்ன?” என்றாள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, நிமிராமலே “சரி” என்றது. மகாராஜா அப்போது வீட்டில் இல்லை. லோடு இறக்கிவிட்டு அவன் வரும்போது மற்ற மூவரும் தூங்கிவிட்டிருந்தார்கள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சட்டியைத் திறந்தாள். சோறு தண்ணீருக்குள் கிடந்தது.

கையை விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பருக்கையும் ஊதிப் பருத்திருந்தது.

“ஏட்டி பூங்கொடி! தொடாதன்னு சொன்னேன்லா? எதுக்குத் தண்ணிய ஊத்துன?”

பிள்ளை பாயில் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கியது. “நான் ஊத்தல.”

“நீ ஊத்தாம பேயா வந்து ஊத்துச்சு?”

“நான் ஊத்தலம்மா!” பூங்கொடி அழுதுகொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

சுகுணா ஊற்றியிருக்க மாட்டாள், அவளுக்குக் குடம் தூக்க வராது. மிச்சம் இருப்பது ஓர் ஆள்தான். அந்த ஆள் டீயை மட்டும் குடித்துவிட்டு, பசுவந்தனைக்குச் சிமெண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே போய்விட்டிருந்தான். செல்வமாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தாள். அடுக்களையில் முட்டைக்கோஸ் கிடக்கிறது, வெங்காயத்தாள் கிடக்கிறது, சாஸ் பாக்கெட் கிடக்கிறது. என்ன நடக்கப்போகிறது என்று பார்த்தவனுக்குத் தெரியாதா? தெரிந்தே கெடுத்திருக்கிறான். இன்றைக்கும் தெருமுனையில் நின்று, ‘எம்பொண்டாட்டி ஃப்ரைடு ரைஸ் செஞ்சா பாருங்க, கஞ்சியா வந்துட்டு’ என்று சொல்ல ஒரு கதை வேண்டும் அவனுக்கு.

போனை எடுத்துச் செல்வலட்சுமியைக் கூப்பிட்டாள். “யக்கா, நாளைக்கு ஏழு மணி பஸ்ல வாரோம். ரூமத் தொறந்து வையி.”

போனை வைத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. சட்டியைத் தூக்கி வாசலோரச் சாக்கடை வாறுகாலில் கொட்டிவிடலாம் போலிருந்தது. கொட்டினால் அவன் ஜெயித்தான் என்று அர்த்தம். போவதுதான் போகிறோம், செய்து காட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. இதைத்தான் வீம்பு என்பார்கள். சில நேரம் வீம்பும் மனுஷிக்கு ஒரு முதுகெலும்பு.

நீரை வடித்தாள். சோற்றை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசினாள். வேட்டித் துணி ஒன்றில் போட்டு, பருக்கை நசுங்காமல் தண்ணீரை ஒட்டப் பிழிந்தாள். மொட்டை மாடிக்குப் போய்ச் சுத்தமான சேலையை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, சோற்றை மெல்லிசாகப் பரப்பினாள். ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து வாரிக்கொண்டு வந்தது. காற்று மட்டுமா வருகிறது, உழுது போட்ட கரிசல் காட்டுத் தூசியையும் கூட்டிக்கொண்டல்லவா வருகிறது. மேலே இன்னொரு மெல்லிய துணியைப் போட்டு மூடி, தானும் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெயிலும் காற்றும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் போதும்.

அழுது முடித்த பூங்கொடி மாடிக்கு வந்தாள். அம்மாவுக்கு எதிர் மூலையில் துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“சும்மா சும்மா என்னையே ஏசுத. நான் என்னைக்கு ஊத்துனேன்?” என்றாள் பிள்ளை.

“தெனமும் நீதானட்டி ஊத்துத. அந்த ஞாவகத்துல ஊத்தியிருப்பன்னு நெனச்சேன்.”

“நானா? நான் ஒருநாளும் ஊத்துனதில்ல. அப்பாதான் தெனமும் ஊத்துவாக.”

செல்வமாரி திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு நாளு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன். அப்பா குடத்துல இருந்து மோந்து ஊத்திக்கிட்டு இருந்தாக. ரெண்டு கல்லு உப்பும் போட்டாக. என்னப்பா செய்யுதீகன்னு கேட்டேன். ஒங்கம்மா மறந்துட்டு படுத்துட்டா, வெறும் வயித்தோட ஆபீசுக்குப் போனா அவளுக்குக் கிறுகிறுன்னு வரும், நீ படுன்னு சொன்னாக. ஒன்கிட்ட சொல்லச் சொல்லல, அதான் சொல்லல.”

சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லிப் பழகிய பிள்ளை. அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

செல்வமாரி சேலையின் மேல் பரந்து கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறக்குறைய ஒரு மாதம். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த நீரை ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறாள். போன வருஷம் ஒருநாள் பழையது இல்லாமல் போய், பத்து மணிக்கு ஆபீசில் மயங்கி விழுந்தபோது அவன்தான் லோடு ஆட்டோவில் தூக்கிப்போட்டு வந்தான். அதை அவள் மறந்துவிட்டாள், அவன் மறக்கவில்லை. நேற்றும் அடுக்களையில் கிடந்த முட்டைக்கோசையோ வெங்காயத்தாளையோ அவன் கவனித்திருக்க மாட்டான். சட்டியில் சோறு, மேலே தட்டு, உள்ளே தண்ணீர் இல்லை. ஊற்றியிருக்கிறான். அவ்வளவுதான்.

முதலில் நெஞ்சு இளகியது. பொய் சொல்வானேன், கண்ணும் கலங்கியது. ஆனால் கொஞ்ச நேரம் காற்றில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க அந்த இளக்கத்துக்கு அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. இவ்வளவு நினைப்பு இருக்கிறவன் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நல்லது செய்வதற்கு எல்லோரும் தூங்க வேண்டியிருக்கிறது. இழிவுபடுத்துவதற்கு மட்டும் எல்லோரும் விழித்திருந்து கேட்க வேண்டியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஊற்றிய தண்ணீர் தீப்பெட்டிச் சோறு என்ற பெயரைக் கழுவிவிடுமா? சந்தனமாரிக்கு அது தெரியுமா? சுகுணாவுக்குத் தெரியுமா? கோபம் குறைந்துபோனது உண்மைதான். ஆனால் குறைந்த பிறகும் மிச்சம் இருந்தது நியாயமான கோபம். அதை அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

சோறு காய்ந்து, தொட்டால் விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. வாயில் போட்டுப் பார்த்தாள். லேசான புளிப்பு இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

பன்னிரண்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். அண்ணாச்சி வண்டியில் தீ ஆள் உயரத்துக்கு எழும்பும், வீட்டு கேஸ் அடுப்பில் அது நடக்காது. அதனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் போடக் கூடாது என்று அவளுக்கே தெரிந்தது. இரும்புச் சட்டியைப் புகை வரும்வரை காயவிட்டாள். பூண்டைத் தட்டிப் போட்டு, முட்டையை உடைத்துக் கொத்தி எடுத்துவைத்தாள். பொடிப்பொடியாக அரிந்த காயைப் போட்டு, வெந்தும் வேகாமல் வதக்கி, பாதிச் சோற்றைக் கொட்டி, கரண்டியால் அழுத்தாமல் அடியிலிருந்து புரட்டினாள். சாஸ், மிளகுத்தூள், உப்பு, கடைசியில் வெங்காயத்தாள். மறுபாதியையும் அதேபோல் செய்தாள். புளிப்பு தெரியாமலிருக்க மிளகுத்தூளைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டாள். பருக்கைக்குப் பருக்கை தனியாக நின்றது. ரேஷன் அரிசி என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

மகாராஜா வந்தபோது வாசம் வளவு முழுக்கப் பரவியிருந்தது. அவன் கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். தட்டைத் தானே எடுக்கக் கையை நீட்டினான். அதற்குள் செல்வமாரி தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்க்காததுபோல் சுகுணாவுக்குப் போட்டாள்.

சுகுணா ஒரு வாய் தின்றுவிட்டு, “அண்ணாச்சி கடையில இருந்து எப்ப வாங்குன?” என்று கேட்டாள். செல்வமாரிக்கு அதுவே பாதி வயிறு நிறைந்ததுபோல் இருந்தது.

அவன் தின்றான். இரண்டாவது தடவையும் வாங்கித் தின்றான். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. செல்வமாரி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவன் பெரிய மகள் பக்கம் திரும்பினான்.

“பூங்கொடி, நல்லாருக்குன்னு ஒங்கம்மாட்ட சொல்லு.”

முப்பத்தாறு நாள் அடைத்துவைத்தது ஒரே மூச்சில் உடைந்தது.

“ஏன், எங்கிட்ட சொன்னா வாய் வெந்து போகுமா?” என்றாள் செல்வமாரி. “எளக்காரம் பேசுதது மட்டும் ஊருக்கே கேக்குத மாதிரி பேசுவீங்க. நல்லாருக்குங்கத பிள்ளை காதுல சொல்லுவீங்க. நான் தூங்குன பொறவு தண்ணி ஊத்துவீங்க.”

அவன் முகம் மாறியது. “ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன? நேத்து அந்தச் சோத்த ஃப்ரைடு ரைசுக்குன்னு காயவிட்டு வச்சிருந்தேன். அதுலயும் ஊத்தி வச்சிட்டீங்க. அத அலசி, வெயில்ல ஒணத்தி எடுத்துட்டு வந்தேன்.”

“எனக்குத் தெரியாது. நீ மறந்துட்டன்னுதான்...”

“தெரியும். நீங்க கெடுக்கணும்னு ஊத்தலன்னு தெரியும். எத்தன நாளா ஊத்துதீங்கன்னும் தெரியும். ஆனா அது எனக்கும் ஒங்களுக்கும்தான தெரியும்? நீங்க எளக்காரம் பேசுனத ஊரே கேட்டுது. ஊத்துனத யாரு கண்டா?”

“சும்மா சிரிக்கணும்னு சொன்னேன்” என்றான் அவன், சத்தமில்லாமல்.

“சிரிச்சாகள்லா. இன்னும் சிரிக்காக. நாளைக்குக் காலைல பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நான் புதியம்புத்தூர் போறேன். அக்காட்ட சொல்லியாச்சு.”

அவன் எச்சில் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். பிறகு வாசலில் நின்ற வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டான். செல்வமாரி ஒரு மஞ்சப்பையையும் ஒரு பெரிய பையையும் எடுத்து, பிள்ளைகளின் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். அவன் எழுந்து வந்து தடுப்பான் என்று ஒரு காது வாசலில்தான் இருந்தது. அவன் வரவில்லை.

ஐந்து மணியானதும் வந்தான். அவளைப் பார்க்காமல் நேரே அடுக்களைக்குப் போனான். இரும்புச் சட்டியில் மிச்சமிருந்ததை ஒரு சம்புடத்தில் அள்ளிக்கொண்டு வெளியே நடந்தான். போகிற வழியில் தின்னக் கொண்டுபோகிறான், ராத்திரி லோடு இருக்கும் என்று நினைத்தாள். இந்த வீட்டை விட்டுப் போவதற்கு அவன் முந்திக்கொண்டானே என்று ஒரு வெறுப்பு வந்தது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அவன் வண்டியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். தெருமுனையில் பூவனலிங்கம் அண்ணாச்சி அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சந்தனமாரியும் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நின்றாள்.

மகாராஜா சம்புடத்தைத் திறந்து வண்டியின் பலகை மேல் வைத்தான். காற்று அவர்கள் பக்கமிருந்துதான் அடித்தது. ஒவ்வொரு வார்த்தையும் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

“அண்ணாச்சி, இதத் தின்னு பாருங்க.”

“என்னலே இது, என் கடைக்கே ஃப்ரைடு ரைஸ் கொண்டு வருத?”

“என் வீட்டுல செஞ்சது. தின்னு பாருங்க.”

அண்ணாச்சி கரண்டியைத் துடைத்துவிட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். மென்றார். தொழில்காரர், சும்மா முகஸ்துதி செய்ய மாட்டார். “நல்லாத்தான் இருக்கு. உதிரியா எடுத்திருக்கா. என்ன, லேசாப் புளிக்கு?”

கூட்டத்தில் ஒருவன் அதற்குள் சிரிக்கத் தொடங்கினான். எல்லோரும் மகாராஜாவின் வாயைப் பார்த்தார்கள். அவனுக்குப் பிடித்த இடம் அது. ஒரு சொல் போட்டால் போதும், தெருவே சிரிக்கும். செல்வமாரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“புளிப்பு என்னால வந்தது, அண்ணாச்சி” என்றான் அவன். “அவ ஆறவிட்டு எடுத்து வச்சிருந்த சோத்துல நான் தெரியாம தண்ணிய ஊத்திட்டேன். வேற பொம்பளையா இருந்தா வாறுகால்ல கொட்டியிருப்பா. அவ அத அலசிக் காயவச்சி இந்த ருசிக்குக் கொண்டு வந்திருக்கா. அன்னைக்கு இதே எடத்துல நின்னு அவ சமையல எளக்காரமாப் பேசுனேன். நீங்க எல்லாரும் கேட்டீங்க. அது தப்பு. அவ வச்ச சோத்தத் தின்னுதான் பன்னெண்டு வருசமா நான் வண்டி ஓட்டுதேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையின் சட்டைப் பித்தானைச் சரிசெய்தாள். அண்ணாச்சி இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

செல்வமாரிக்கு முப்பத்தாறு நாளும் அந்தக் கணத்தில் கரைந்துவிடவில்லை. அப்படிக் கரைவதற்கு அவள் ஒன்றும் சர்க்கரை இல்லை. வீட்டுக்குள் இரண்டு பைகள் பாதி நிரம்பிக் கிடந்தன. செல்வலட்சுமி அக்காவுக்கு என்ன சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் தெருமுனையில் நின்றவனைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளெல்லாம் சிரிப்போடு இடத்தைக் காலி செய்து பழகியவனுக்கு, சிரிப்பில்லாத இடத்திலிருந்து எப்படிக் கிளம்புவது என்று தெரியவில்லை. சம்புடத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அப்படியே நின்றான். ஒருவரும் அவனுக்கு ஒரு சொல் கொடுக்கவில்லை.

செல்வமாரி வாசலை விட்டுத் தெருவில் இறங்கினாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகக் கூப்பிட்டாள்.

“ஏங்க! அங்கன என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? ஒங்களுக்குப் போட்ட காப்பி ஆறுது, வாங்க!”

அவன் விறுவிறுவென்று திரும்பி நடந்துவந்தான். அவள் உள்ளே ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்து, காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.